பிரிட்டிஷ் ராணுவ வாள்களில் பித்தளையும் எஃகும்

கேட்டவர் தந்த விவரம் சுருக்கமாக இது. வீட்டுப் பரணில் ஒரு பழைய வாள் கிடைத்திருக்கிறது. கைப்பிடியைச் சுற்றி மஞ்சள் உலோகத்தில் கம்பி கம்பியாக ஒரு காப்பு. அதன் நடுவே முட்டை வடிவச் சட்டத்துக்குள் மகுடமும், ‘வி.ஆர்.’ என்ற பின்னிய எழுத்துகளும். கம்பிகளில் இரண்டு உள்வாங்கி நெளிந்திருக்கின்றன. உறை முழுக்க எஃகு, அதில் இரண்டு வளையங்கள். காப்பு என்ன உலோகம், பித்தளை என்றால் சண்டைக்குப் போகிற வாளில் ஏன் பித்தளை, உறை மட்டும் ஏன் எஃகு, இவற்றை வைத்து வாளின் காலத்தைச் சொல்ல முடியுமா, தேய்த்துப் பளபளப்பாக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

காலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இது பிரிட்டிஷ் காலாட்படை அதிகாரி ஒருவருடைய வாள். பெரும்பாலும் 1866க்கும் 1895க்கும் இடைப்பட்டது. அலகைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, ஆனாலும் இவ்வளவு சொல்ல முடிகிறது. வாளைக் கையில் எடுத்தவுடன் எல்லோரும் அலகை உருவித்தான் பார்ப்பார்கள். வைத்திருந்தவர் எந்தப் படை, என்ன பதவி, எந்த அரசர் காலம் என்பதெல்லாம் பெரும்பாலும் காப்பிலும் உறையிலும்தான் இருக்கும்.

பாகங்களின் பெயரை ஒரு தடவை பார்த்துக்கொள்வோம். அலகின் பின்பகுதி மெலிந்து கைப்பிடிக்குள் நுழைந்து மறுமுனை வரை போகும். அதைக் காம்பு என்று வைத்துக்கொள்ளலாம். காம்பின் மேல் மரப்பிடி, மரத்தின் மேல் திருக்கை அல்லது சுறாத் தோல், தோலின் பள்ளங்களில் முறுக்கிய வெள்ளிக் கம்பியோ பொன்முலாம் பூசிய செம்புக் கம்பியோ சுற்றியிருக்கும். பிடியின் முதுகை மூடியபடி ஒரு தகடு, அதன் மேல்முனையில் குமிழ். பிடி அலகைச் சந்திக்கும் இடத்தில், உலக்கைக்குப் போடுவது போல, ஒரு பூண். விரல்களை மறைத்து நிற்பது காப்பு. காம்பின் முனை குமிழைத் துளைத்து வெளியே வந்ததும் அதைச் சுத்தியலால் தட்டித் தலையை விரித்துவிடுவார்கள். மொத்தக் கட்டுமானத்தையும் பிடித்து நிறுத்துவது அந்த ஒரு தலைதான். உறையிலும் வாய்ப்பூண், வளையம் தாங்கும் பட்டைகள், தரையில் உரசித் தேயாமல் இருக்க அடிமுனையில் ஒரு இரும்புக் கட்டை என்று தனித்தனிப் பாகங்கள் உண்டு.

சரி, சண்டை வாளில் பித்தளை எதற்கு? இதற்குப் பதில் போர்க்களத்தில் கிடைக்காது, தையல்காரர் கடையில்தான் கிடைக்கும்.

18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்தந்தப் படைப்பிரிவின் கர்னல் விரும்பியதுதான் அங்கே வாள். 1786இல் காலாட்படை அதிகாரிகளுக்கென்று ஓர் ஆணை வந்தது. நேரான அலகு, 32 அங்குல நீளம், கைப்பிடியை ஒட்டிய தோளருகே ஓர் அங்குல அகலம் என்று அலகுக்கு அளவு சொன்ன அந்த ஆணை, கைப்பிடியின் உலோகத்தை மட்டும் சட்டைப் பித்தானிடம் விட்டுவிட்டது. சீருடையில் பொன்னிறப் பித்தான் என்றால் பொன்முலாம் பூசிய கைப்பிடி, வெள்ளிநிறம் என்றால் வெள்ளி அல்லது எஃகு. எதிரியின் வெட்டைத் தாங்குமா என்ற கேள்வி அந்தத் தேர்வில் எங்கும் வரவில்லை. 1796இல் வந்த அடுத்த ஆணை இந்தக் குழப்பத்தை முடித்து, எல்லாக் காலாட்படை அதிகாரிகளுக்கும் பொன்முலாம் பூசிய பித்தளைக் காப்பு, வெள்ளிக் கம்பி சுற்றிய பிடி என்று நிலைநிறுத்தியது. அந்த 1796 வாளின் காப்பு இரண்டு சிப்பிகளை அருகருகே வைத்த மாதிரி இருக்கும். பலவற்றில் உள்பக்கச் சிப்பி மடங்கும், இடுப்பில் இடிக்காமல் இருப்பதற்காக. பார்க்க நேர்த்தியான வாள், சண்டைக்கு ஏறக்குறைய உதவாதது. 1815 வாட்டர்லூ போரில் பீரங்கிப் படைப்பிரிவு ஒன்றை நடத்திய மெர்சர், வெட்டுக்கும் ஆகாது குத்துக்கும் ஆகாது, வெறும் சுமை என்று அதைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். பின்னால் வாள்களைப் பற்றி எழுதிய யாரும் அவரை மறுத்துப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

இந்தக் காலத்து முலாம் பாதரச முலாம். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து வெண்ணெய்ப் பதத்தில் ஒரு கலவை செய்வார்கள். அதைப் பித்தளையின் மேல் பூசி நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகப் போய்விடும், தங்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும். பிறகு அகேட் போன்ற கல்லால் அழுத்தித் தேய்த்து மெருகேற்றுவார்கள். பர்மிங்காம் பட்டறைகளில் இந்த வேலை செய்தவர்கள் அந்தப் புகையைச் சுவாசித்து நரம்புத் தளர்ச்சியும் கைநடுக்கமுமாக அழிந்தார்கள். 1840இல் அதே பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்கியது. வேலை மலிவானது, உயிராபத்து குறைந்தது, ஆனால் தங்கத்தின் கனமும் குறைந்தது. பழைய பாதரச முலாம் இருநூறு வருடம் கழித்தும் பள்ளங்களில் வெண்ணெய் மஞ்சளாகக் கனத்துத் தெரியும். விக்டோரியா காலத்தின் பிற்பகுதி வாள்களில் முலாம் மெல்லியது, மேடான இடங்களிலெல்லாம் தேய்ந்து பித்தளை வெளியே வந்திருக்கும். உங்கள் வாளில் ‘வி.ஆர்.’ எழுத்துக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள இடுக்கை வெளிச்சத்தில் பாருங்கள். மற்ற இடங்களைவிட அங்கே நிறம் வேறாக இருந்தால் அது தங்கம்.

உங்கள் காப்பின் வடிவம் 1822இல் வந்தது. அகன்று வளையும் கம்பிகள் தேவாலயச் சன்னல்களின் சட்டங்களை நினைவூட்டியதால் சேகரிப்பவர்கள் இதைக் கோதிக் காப்பு என்பார்கள். முந்தைய சிப்பிக் காப்பைவிடக் கையை அதிகம் மறைக்கிறது, அழகாகவும் இருக்கிறது. என் கண்ணுக்குப் பிரிட்டிஷ் காப்புகளிலேயே அழகானது இதுதான். ஆனால் கம்பி மெல்லியது, பித்தளை மெத்தென்றது. தல்வார் என்ற இந்திய வளைந்த வாளின் கனமான வீச்சு ஒன்று விழுந்தால் கம்பி நெளிந்து விரலில் அழுந்தும், மோசமானால் அறுந்துபோகும். வாளைக் கீழே போட்டாலே வளைந்துவிடும் என்பதால் உங்கள் வாளின் நெளிவைப் போர்த் தழும்பு என்று நான் உறுதி சொல்லமாட்டேன். பரணிலிருந்து விழுந்ததாகக்கூட இருக்கலாம்.

இந்தக் காப்பில் காலத்தைச் சொல்லும் முதல் அடையாளம் சட்டத்துக்குள் இருக்கும் எழுத்து. ‘ஜி.ஆர்.’ என்ற எழுத்தோடு நான்கு என்ற ரோமன் எண் இருந்தால் நான்காம் ஜார்ஜ், 1822 முதல் 1830 வரை. ‘டபிள்யூ.ஆர்.’ என்றால் நான்காம் வில்லியம், 1837 வரை. அந்த ஏழு வருட வாள்கள் குறைவு, அதனால் விலை கூடுதல். ‘வி.ஆர்.’ என்றால் விக்டோரியா. அவர் 1901 வரை அறுபத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆண்டதால் எழுத்து மட்டும் போதாது, அங்கேதான் மற்ற பாகங்கள் கைகொடுக்கின்றன. 1854 வரை காப்பின் உள்பக்கம், இடுப்பை ஒட்டும் பகுதி, கீல் வைத்து மடங்கும்படி இருந்தது. வாளைத் தொங்கவிடும்போது சட்டையில் உரசாமல் இருக்க அந்த ஏற்பாடு. சண்டை நேரத்தில் அந்தத் துண்டு ஆடும், மடங்கிக்கொள்ளும். 1854இல் அதை எடுத்துவிட்டு ஒரே வார்ப்பாகச் செய்தார்கள். ஆக, ‘வி.ஆர்.’ எழுத்தும் மடங்கும் காப்பும் சேர்ந்திருந்தால் 1837க்கும் 1854க்கும் இடையில். மடங்காவிட்டால் அதற்குப் பின். உங்கள் காப்பில் கீல் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் உறை. கேப்டனும் அதற்குக் கீழும் உள்ள அதிகாரிகளுக்கு அப்போது கறுப்புத் தோல் உறை, அதில் பொன்முலாம் பூசிய பித்தளைப் பூண்கள். மேஜரும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு முழுப் பித்தளை உறை. 1866இல் தோல் உறை போய்ச் சாதாரண அதிகாரிகளுக்கும் எஃகு உறை வந்தது. உங்களுடையது பித்தளைக் காப்போடு எஃகு உறை, ஆகவே 1866க்குப் பின் என்று கணக்கு. இதில் ஓர் ஓட்டை உண்டு. உறை தொலைந்து வேறு உறை சேர்த்திருக்கலாம். அலகு உறையின் வாய்வரை ஆடாமல் உட்காருகிறதா, வளைவும் வளைவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அலகிலும் ஒரு சோதனை இருக்கிறது. முதுகில் கம்பி ஓடுவதுபோல உருண்ட முதுகு இருந்தால் 1845க்கு முந்திய வகை. லேசான வளைவும் பக்கங்களில் அகலமான பள்ளமும் இருந்தால் 1845 வகை. துளியும் வளையாமல், குத்துவதற்கென்றே செய்த தடித்த நேர் அலகு என்றால் 1892 முதல் 1895 வரையிலான மூன்று வருடத்தில் செய்தது. அந்த இடைவெளியில் மட்டும் புதிய அலகில் பழைய பித்தளைக் காப்பைப் போட்டார்கள்.

குதிரைப்படையின் கதை வேறு. அங்கே ஆரம்பத்திலிருந்தே இரும்பும் எஃகும்தான். 1796இல் இலகுக் குதிரைப்படைக்கு வந்த வளைந்த வாளை லெ மார்ஷான் என்ற அதிகாரி, பர்மிங்காம் வாள்கொல்லர் ஹென்றி ஆஸ்போர்னோடு சேர்ந்து வடிவமைத்தார். அதன் காப்பு ஒற்றை இரும்புப் பட்டை, குதிரை அங்கவடியை நினைவூட்டும் வளைவு. அலங்காரம் ஒன்றும் கிடையாது. ஆனால் முதுகுத்தகட்டின் நடுவே இரண்டு பக்கமும் காதுபோல இறங்கும் ஒரு நீட்டல் உண்டு. அந்தக் காதுகளின் வழியாக ஓர் ஆணி பிடியையும் காம்பையும் துளைத்து மறுபுறம் ரிவிட் அடிக்கப்பட்டிருக்கும். குமிழில் விரித்த தலை தளர்ந்துபோனாலும் கைப்பிடி கழன்று வராது. சிப்பாய்களின் கைப்பிடியில் இவ்வளவு யோசித்தவர்கள், பல அதிகாரிகளின் வாளில் அதே காதை அழகுக்காக வைக்காமல் விட்டுவிட்டார்கள்!

அந்த வாளின் பலவீனம் உறை. இரும்பு உறைக்குள் மெல்லிய மரப்பட்டைகள் வைத்திருந்தாலும், குதிரை ஓட ஓட அலகு உள்ளே ஆடி உலோகத்தில் இடித்து மழுங்கிப்போகும். ஒவ்வொரு முறை உருவும்போதும் செருகும்போதும் கூர்மையில் கொஞ்சம் போகும். வளையங்கள் பட்டையில் தொங்கிச் சத்தம் போடும். காவல் பணிக்குப் போகிறவனுக்கு அந்தச் சத்தம் எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

இதைப் பற்றி லூயிஸ் நோலன் என்ற குதிரைப்படை அதிகாரி 1853இல் எழுதிய ஒரு சம்பவம் முக்கியமானது. அடுத்த வருடம் கிரிமியப் போரில், பலக்ளாவாவில் இலகுக் குதிரைப்படையின் புகழ்பெற்ற தாக்குதலில் முதலில் விழுந்தவர்களில் ஒருவர் இவர். அதற்கு முன் 15ஆம் ஹுஸார் என்ற இலகுக் குதிரைப்படைப் பிரிவோடு மதராஸ் மாகாணத்தில் இருந்தவர். ஹைதராபாத் நிஜாமின் குதிரைவீரர்கள் ஒரு மோதலில் தலையையும் கையையும் ஒரே வீச்சில் துண்டித்திருந்ததைக் கேள்விப்பட்டு, அப்படி என்ன வாள் அது என்று விசாரித்திருக்கிறார். பார்த்தால் பெரும்பாலும் பிரிட்டிஷ் படை கழித்துக் கட்டிய பழைய அலகுகள்! அந்த வீரர்கள் கைப்பிடியையும் உறையையும்தான் மாற்றியிருந்தார்கள். உருண்ட பிடிக்குப் பதில் சிறிய, தட்டையான உலோகக் கைப்பிடி, வீசும்போது கையில் திரும்பாது, கூர்விளிம்பு நேராக விழும். இரும்பு உறைக்குப் பதில் மர உறை, கூர் மழுங்காது. சண்டை வந்தால் ஒழிய வாளை உருவுவதே இல்லை. எப்படி வெட்டுவதற்குப் பயிற்சி கொடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, கூரான வாள் யார் கையிலும் வெட்டும் என்ற பொருளில் ஒரு கிழவர் பதில் சொல்லியிருக்கிறார். அதே அலகு, வேறு பிடி, வேறு உறை. பிரிட்டிஷ் குதிரைப்படை வாள்களின் உலோகப் பாகங்கள் பற்றி இதைவிடக் கடுமையான விமர்சனம் நான் படித்ததில்லை. ஆனாலும் லண்டனிலிருந்த ராணுவத் தலைமை எஃகு உறையை விடவில்லை. அது நீடித்து உழைக்கும், மழைக்கு ஊறாது, அணிவகுப்பில் மின்னும்.

காப்பு மட்டும் மாறிக்கொண்டே வந்தது. 1821இல் இலகுக் குதிரைப்படைக்கு மூன்று எஃகுக் கம்பிக் காப்பு, கனரகக் குதிரைப்படைச் சிப்பாய்களுக்குக் கிண்ணம் போன்ற தகட்டுக் காப்பு. 1853இல் இரண்டு பிரிவுக்கும் சேர்த்து ஒரே வாள் வந்தபோது காம்பைப் பிடியின் முழு அகலத்துக்கும் விட்டு, இரண்டு பக்கமும் தோல் பட்டைகளை ரிவிட் அடித்தார்கள். ரீவ்ஸ் என்ற வாள்கொல்லரின் காப்புரிமை அது. உறுதியில் அதை மிஞ்சியது அதற்கு முன் இல்லை. 1864இல் மால்டா சிலுவை வடிவில் துளையிட்ட தகட்டுக் காப்பு. 1908இல் வந்ததுதான் கடைசி, கை முழுவதையும் விழுங்கும் பெரிய எஃகுக் கிண்ணம். முதல் உலகப் போரில் மின்னாமல் இருக்க அந்தக் கிண்ணத்துக்கும் உறைக்கும் காக்கி வண்ணம் அடித்தார்கள்.

சிப்பாய்களின் வாள்கள் அரசாங்கச் சொத்து என்பதால் அவற்றின் உலோகத்தில் முத்திரைகள் நிறைய இருக்கும். அகன்ற அம்புக்குறி, மகுடத்தின் கீழ் ஓர் எழுத்தும் எண்ணும் கொண்ட பரிசோதகர் முத்திரை, காப்பில் படைப்பிரிவின் சுருக்கப் பெயர், வரிசை எண். இந்திய அரசுக்காக வாங்கியவற்றில் அம்புக்குறியோடு ஆங்கில ‘ஐ’ எழுத்து சேரும். அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கினார்கள், அதனால் அவர்களுடைய வாளில் இந்த முத்திரைகள் இருக்காது. உங்கள் காப்பில் அம்புக்குறி இருந்தால் எழுதுங்கள். நான் சொன்னதை மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.

காலாட்படைப் பித்தளைக்கு முடிவு 1895இல் வந்தது. ஆப்கானிஸ்தானிலும் சூடானிலும் நிஜமான வாள்வீச்சைச் சந்தித்துவிட்டு வந்த ராணுவம் அது. கம்பிகளுக்குப் பதில் எஃகுத் தகட்டில் இலைக்கொடி வேலைப்பாட்டைத் துளையிட்டு, நடுவில் அரசியின் எழுத்தை வைத்த புதிய காப்பு வந்தது. கைக்கு நல்ல பாதுகாப்பு. ஆனால் தகட்டின் உள்விளிம்பு கூர்மையாக இருந்து சீருடையைக் கிழித்தது. இரண்டே வருடத்தில், 1897இல், அந்த விளிம்பைக் கீழே மடித்து ஒரு திருத்தம் செய்தார்கள். நூறு வருடம் கழித்தும் கடைசி வார்த்தை சட்டைக்குத்தான். அந்த 1897 காப்புதான் இன்றைக்கும் பிரிட்டிஷ் காலாட்படை அதிகாரிகளின் சடங்கு வாளில் இருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், சண்டைக்கு ஏற்ற காப்பு கடைசியில் கிடைத்தபோது, 1914இல், வாளோடு முன்வரிசையில் போகும் அதிகாரியைத் தூரத்திலிருந்தே குறிபார்த்துச் சுட்டார்கள். சில மாதங்களில் வாளை ஓரமாக வைத்துவிட்டார்கள்.

போர்க்கள உறையிலும் அப்போது உலோகம் குறைந்துவிட்டது. மரத்தின் மேல் பழுப்புத் தோல் மூடிய உறை, நுனியில் மட்டும் சிறிய உலோகப் பூண், வளையம் கிடையாது. 1858இல் பீலிபீத் அருகே நடந்த சண்டையில் இடது கையை இழந்த சாம் பிரவுன் என்ற அதிகாரி தனக்காக ஏற்பாடு செய்துகொண்ட இடுப்புவாரோடு சேர்ந்து வந்த வகை என்பதால் அவர் பெயரிலேயே அந்த உறையையும் சொல்வார்கள்.

விதிவிலக்குகள் சில. ரைபிள் படைகளுக்கு 1827இலிருந்து இதே கோதிக் காப்பு எஃகில் வந்தது, அரச எழுத்துக்குப் பதில் மகுடமும் ஊதுகொம்பும். பீரங்கிப்படை அதிகாரிகள் குதிரைப்படையின் மூன்று கம்பி எஃகுக் காப்பை எடுத்துக்கொண்டார்கள். தளபதிகளுக்கு 1831இலிருந்து எகிப்திய மம்லூக் பாணி வாள், தந்தப் பிடி, பொன்முலாம் பூசிய குறுக்குக் கம்பி, அதில் குறுக்காக வைத்த வாளும் கோலும். ஸ்காட்லாந்து மலைநாட்டுப் படைகளுக்குக் கை முழுவதையும் மூடும் எஃகுக் கூடைக் காப்பு.

கடற்படை மட்டும் பித்தளையை இன்றுவரை விடவில்லை, அதற்கு அங்கே நியாயமான காரணமும் உண்டு. உப்புக் காற்றில் எஃகுக் காப்பு துருப்பிடிக்கும், முலாம் பூசிய பித்தளை தாங்கும். 1827 வகையில் முழுத் தகடான காப்பு, அதில் மகுடமும் நங்கூரமும், குமிழில் சிங்கத் தலை. காப்பின் உள்ளே ஒரு சிறிய மடிப்புத் தகடு இருக்கும். அதிலுள்ள துளை உறைவாயின் குமிழில் மாட்டிக்கொண்டு, கப்பல் ஆடும்போது வாள் நழுவாமல் பிடித்துக்கொள்ளும். எனக்குப் பிடித்த ஏற்பாடு அது. கடற்படை வாளில் அரசர் பெயரெழுத்து காப்பில் இல்லாததால் மகுடத்தின் வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும். வளைவுகளின் உச்சி அமுங்கி இருந்தால் பெரும்பாலும் விக்டோரியா காலம், முழு வட்டமாக எழும்பினால் 1901க்குப் பிறகு வந்த அரசர்களின் காலம்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளும் இதே வடிவங்களைத்தான் வாங்கினார்கள். அலகிலோ காப்பிலோ அரச எழுத்துக்குப் பதில் மகுடத்தைக் கையில் ஏந்தி நிற்கும் சிங்கம் இருந்தால் அது கம்பெனி வாள், 1858க்கு முந்தியது. மதராஸ் ராணுவத்தில் இருந்தவர்களின் வாள்கள் நம் பக்கத்துப் பழைய வீடுகளில் தலைகாட்டும்போது இந்தச் சிங்கத்தைத் தேடுவது வழக்கம். கூட வைத்துப் பார்க்கப் பழைய வாள் வேண்டுமென்றால் சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்துக்குப் போய்வரலாம்.

போலியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வடிவங்களின் நகல்கள் ஏராளம். அவற்றில் காப்பின் உள்பக்கம் சொரசொரப்பாக, மணல் வார்ப்பின் குழிகளோடு இருக்கும். அசல் காப்பில் உள்பக்கத்தையும் அரம் போட்டுத் தேய்த்திருப்பார்கள். நகலில் எழுத்தின் ஓரங்கள் உருகியதுபோல மழுங்கியிருக்கும். குமிழின் உச்சியில் தட்டி விரித்த தலைக்குப் பதில் திருகு நட்டு இருந்தால் சந்தேகப்படுங்கள், ஆனால் ஸ்காட்டிஷ் கூடைக் காப்புகள் பலவற்றில் நட்டு இருப்பது இயல்புதான். விருந்துகளுக்குப் போகும்போது கூடையைக் கழற்றிச் சாதாரணக் குறுக்குக் கம்பியை மாட்டிக்கொள்வார்கள்.

தேய்ப்பது பற்றிக் கேட்டீர்கள். குத்துவிளக்குக்குச் செய்வதுபோலப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். செங்கல்பொடி, கடைப் பாலிஷ் எதுவும் வேண்டாம். நூற்றைம்பது வருடம் தப்பிய மெல்லிய தங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் போய்விடும். வாளின் விலையில் பெரும்பகுதியும் அதோடு போகும். பழைய வீட்டு வாள்களில் அசலான முலாமோடு கிடைப்பவை குறைவாக இருப்பதற்குக் காரணம் போர் இல்லை, வேலைக்காரர்களின் கைங்கரியம். காப்பை மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, தேவைப்பட்டால் நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து உடனே உலர்த்துங்கள். மீன்தோல் பிடியில் தண்ணீர் படவே கூடாது, தோல் சுருங்கிக் கம்பி தளர்ந்துவிடும். எஃகு உறையிலும் அலகிலும் பொடித்துரு இருந்தால் தையல் மிஷின் எண்ணெய் தடவி இரண்டு நாள் விட்டுத் துணியால் துடையுங்கள், உப்புத்தாள் வேண்டாம். கடலோர ஊர் என்றால் அலகை உறைக்குள் மாதக்கணக்கில் விட்டுவைக்காமல் அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். நெளிந்த கம்பிகளை நிமிர்த்தவே வேண்டாம். பழைய பித்தளை வளைந்த இடத்தில் இறுகியிருக்கும், திருப்பி வளைத்தால் முறியும். கைப்பிடியைக் கழற்றிச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது சொன்னாலும் கொடுக்காதீர்கள், காம்பின் தலையை அரத்தால் ராவினால் ஒழிய அது கழலாது.

கடைசியாக, இது யாருடையது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. காப்புக்குச் சற்று மேலே, அலகின் அடியில் ஒரு பட்டாணி அளவு பித்தளை வில்லை பதித்திருக்கிறதா பாருங்கள். இரண்டு முக்கோணங்களைப் பின்னிய ஆறுமுனை நட்சத்திரம் அதைச் சுற்றி இருக்கும். அலகைச் சோதித்துத் தேர்வு செய்ததற்கான அடையாளம் அது. லண்டன் வில்கின்சன் நிறுவனம் தொடங்கி வைத்தது, மற்றவர்களும் பார்த்துச் செய்தார்கள். வில்கின்சன் பெயர் அலகில் இருந்தால் அலகின் முதுகில், காப்பை ஒட்டி, எண் ஒன்று பொறித்திருக்கும். 1850களின் நடுவிலிருந்து அந்த நிறுவனம் எண் வாரியாக ஏடு வைத்திருந்தது, வாங்கியவரின் பெயரோடும் தேதியோடும். நிறுவனம் 2005இல் வாள் செய்வதை நிறுத்திவிட்டாலும் அந்த ஏடுகள் பிழைத்திருக்கின்றன, அவற்றில் தேடித் தருபவர்களும் இருக்கிறார்கள். துருவுக்கு அடியில் எண் மறைந்திருக்கலாம், எண்ணெய் தடவிய துணியால் மெதுவாகத் துடைத்துவிட்டுப் பாருங்கள். கிடைத்தால் காப்பின் உள்பக்கம், குமிழின் உச்சி, உறைவாய் ஆகிய மூன்றின் படத்தோடு அந்த எண்ணையும் அனுப்புங்கள்.